சனிக்கிழமைகளில் சுருங்கிய பவளம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் லண்டன் நோர்பரியில் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தேன். ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை. கீழே முன்னறையில், மற்றத் தமிழ் வீடுகளில் ஷோகேஸ் நிற்கும் இடத்தில், அத்தானின் கடல் தொட்டி நின்றது. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், கல், நீல விளக்கு, மூன்று மீன்கள், சில இறால்கள், நத்தைகள், இவற்றுக்கு நடுவே பவளங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உதுக்குள்ள இருக்கிறதைச் சாப்பிடலாமோ?" என்பதுதான். சாப்பிட ஏலாது என்று தெரிந்ததும் தேநீர்த் தட்டின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பவளம் என்றால் மாலையில் கோக்கும் சிவப்பு மணி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொட்டியில் இருந்தவை உயிருள்ள பிராணிகள். கல் போன்ற எலும்பு, அதற்கு மேல் மெல்லிய சதை. சுகமாக இருந்தால் சதை விரியும். ஏதாவது பிடிக்காவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடிக்காதது தொடர்ந்து நடந்தால் சதை கரைந்து வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சும்.

அந்த ஆண்டு குளிர் தொடங்கியதிலிருந்து அத்தானின் தொட்டியில் வெள்ளை எலும்பு கூடிக்கொண்டே போனது. முதலில் விரல் விரலாக நின்ற பவளம். அடுத்தது காளான் போல விரிந்திருந்தது. பிறகு இறாலும் நத்தைகளும். மீன்கள் மட்டும் ஒன்றும் நடவாதது போல நீந்தித் திரிந்தன. கடைசியில் ஒரே ஒரு பவளம் மிஞ்சியது. பகலில் கொத்துக் கொத்தாகக் குமிழ் விடும் வகை. கண்ணாடி போல வெளிறிய குமிழ்கள். அக்கா அதைச் சவ்வரிசி என்பாள்.

"இந்தச் சவ்வரிசியும் செத்துதெண்டால் தொட்டி வெளியில போகும். சொல்லிப்போட்டன்," என்றாள் அக்கா. "எங்கட கலியாணத்துக்கு வந்த கிளாஸெல்லாம் இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு. அந்த இடத்தில எனக்கு ஒரு ஷோகேஸ் வேணும்."

"அது சாகாதப்பா."

"விரல் பவளத்துக்கும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அத்தானுக்கு ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன்னரே தொட்டிக்கு முன்னால் குந்துவார். யாரிடமும் அதிகம் பேசாத மனிதர், அந்தக் குமிழ்களைப் பார்த்து, "என்ன, இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பதை நான் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை நடக்கும். சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, வரும் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிடவேண்டும். தன் கண்ணில் அத்தானுக்கு நம்பிக்கை இல்லை. அக்காவைத்தான் கூப்பிடுவார். ஈஸ்ட் ஹாம் சேலைக் கடையில், ஒரே நிறம் என்று கடைக்காரர் எடுத்துப் போட்ட இரண்டு சேலைகளையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வேறு வேறு நிறம் என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்தவள் அவள்.

"என்னப்பா, இது எந்த மஞ்சள்?"

"எலுமிச்சை."

"மாம்பழ மஞ்சள் மாதிரித் தெரியேல்லையோ?"

"மாம்பழமெண்டால் என்ன?"

"நைட்ரேட் கூடிப்போச்சு எண்டு அர்த்தம்."

"எலுமிச்சை. கவலைப்படாமல் வந்து சாப்பிடுங்கோ."

எல்லாம் சரியாகவே வந்தது. உப்பு சரி, கல்சியம் சரி, நைட்ரேட் எலுமிச்சை. கல்சியத்துக்காக அத்தான் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டுவந்தார். "சுண்ணாம்பு குடுக்கிறியள். வெத்திலை பாக்கையும் வைச்சு முறையா அழையுங்கோவன்," என்றாள் அக்கா.

தண்ணீருக்கும் தனி ஏற்பாடு இருந்தது. லண்டன் குழாய்த் தண்ணீர், கொதிக்கவைக்கும் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். பவளத்துக்கு அது ஆகாது. அதனால் சமையலறைச் சிங்குக்குக் கீழே அத்தான் ஒரு வடிகட்டி பூட்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார். நாள் முழுக்க ஒரு மெல்லிய குழாயால் சுத்தமான தண்ணீர் சொட்டும். தொட்டியில் ஆவியாகிக் குறைவதை அதைக்கொண்டுதான் நிரப்புவது. சேர்ந்த தண்ணீரை அக்கா ஒரு வெள்ளைக் கானில் ஊற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். அத்தான் கானிலிருந்து தொட்டிக்கு விடுவார். பூட்டிய நாளில் அவர் அக்காவுக்கு விளக்கம் கொடுத்தபோது நானும் இருந்தேன்.

"நாங்கள் குடிக்கிற தண்ணியிலும் இது சுத்தம். சாமிக்கு வைக்கிற தண்ணி எண்டு நினைச்சுக்கொள்ளும்."

அக்கா தலையாட்டினாள்.

பத்திரிகை வியாழன் அச்சுக்குப் போய்விடும். வெள்ளியும் சனியும் நான் வீட்டில்தான். அதனால் ஒன்று என் கண்ணில் பட்டது. வியாழன் மாலை உப்பிப்போய் நிற்கும் சவ்வரிசி சனி காலையில் சுருங்கிக் கிடக்கும். செவ்வாய், புதனில் மெல்ல எழும்பும், ஆனால் முந்திய வாரத்தளவு எழும்பாது. அத்தானிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையில என்ன நடக்குது?" என்று அவர் யோசித்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் சாமி அலுமாரியைப் பார்த்தோம். வெள்ளி மாலையில் அக்கா சாம்பிராணி போடுவாள். அறை மறையும். புகை எச்சரிக்கை மணி அலறும். அக்கா ஒரு துவாயை விசிறி அதை அடக்கிவிட்டுத் தேவாரத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவாள். தொட்டியின் காற்றுப் பம்பு அந்தப் புகையைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது?

"சாம்பிராணி போடவேண்டாமெண்டு சொல்லுறியளோ?" என்றாள் அக்கா.

"முன்னறையில மட்டும்."

"சாமி முன்னறையிலதானே இருக்கு."

"சாமியைச் சமையலறைக்கு மாத்தேலாதோ?"

"ஏலாது. அங்க மீன் காய்ச்சிறது."

"இஞ்சயும் மீன்தானே இருக்கு."

அக்கா அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் சாம்பிராணி வீட்டு வாசலுக்குப் போனது. பம்பின் குழாய் ஜன்னலால் வெளியே போனது. அந்த இடைவெளியால் குளிர் உள்ளே வந்தது. மூவரும் ஜாக்கெட்டோடு இருந்து தொலைக்காட்சி பார்த்தோம். சனி காலையில் சவ்வரிசி முன்னரிலும் மோசமாகச் சுருங்கிக் கிடந்தது. ஓர் ஓரத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"சாம்பிராணி என்ன செய்தது?" என்று அக்கா கேட்டாள். அடுத்த வெள்ளியே சாம்பிராணி தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அத்தான் மீன் கடைக்குப் போன் செய்தார். சுத்தமான தண்ணீரில் உப்புக் கரைத்துத் தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றிப் பாருங்கள் என்றார்களாம். கேட்டால் யாரும் சொல்லக்கூடிய யோசனைதான். அக்காவிடம் இரண்டு கான் கேட்டார். அக்கா மறுப்பில்லாமல் இரண்டு கான் கொண்டுவந்தாள். எலும்பு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. அக்கா ஒரு மாலை அளவு நாடாவோடு வந்து தொட்டியின் நீளத்தை அளந்தாள். "சும்மா அளந்து பாக்கிறன்," என்றாள்.

அதற்கடுத்த வெள்ளி அத்தான் லீவு போட்டார். காலையிலிருந்து காவல். நானும் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம் வரை குமிழ்கள் ஓரளவு விரிந்தே இருந்தன. கான் வெறுமையாக இருந்தது. அக்கா மேலே தோய்த்த உடுப்பு மடித்துக்கொண்டிருந்ததால், தண்ணீர் எடுக்க அத்தான் தானே சமையலறைக்குப் போனார்.

"தம்பி! இஞ்ச ஓடி வாரும்!"

ஓடினேன். சிங்குக்குக் கீழே கதவு திறந்து கிடந்தது. வாளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்புக் குடம். அப்போதுதான் புளி போட்டுத் தேய்த்தது. அந்த இருட்டு மூலையிலும் தகதகவென்று மின்னியது. வடிகட்டியின் குழாய் அதற்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கீழே வந்தாள்.

"இது என்னப்பா?" என்றார் அத்தான்.

"குடம்."

"குடமெண்டு தெரியுது. வாளி எங்க?"

"அது நிலம் துடைக்கிற வாளி மாதிரி. சாமிக்கு வைக்கிற தண்ணி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? சாமித் தண்ணியை ஆராவது பிளாஸ்டிக் வாளியில பிடிப்பினமோ?"

"எப்ப துவக்கம் இது?"

"நவராத்திரிக்குக் கும்பம் வைக்க எடுத்தது. பிறகு பெட்டிக்குள்ள வைக்க மனம் வரேல்லை." அக்காவின் குரலில் கொஞ்சம் பெருமை. "ஒவ்வொரு வெள்ளியும் புளி போட்டு மினுக்கிறனான். ஒரு களிம்பு இல்லை, பாருங்கோ."

அத்தான் தரையில் இருந்துவிட்டார். இந்த அளவு செம்பு மனிதருக்கு ஒன்றும் செய்யாது. மீன் ஓரளவு தாங்கும். மீனுக்கு வரும் ஒரு நோய்க்குச் செம்பு மருந்தே உண்டு. ஆனால் பவளம், இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கு அது நஞ்சு. வடிகட்டிய தண்ணீரில் வேறொன்றும் இல்லாததால் பட்ட உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். புளி வெள்ளிக்கு வெள்ளி புதுச் செம்பை வெளியே கொண்டுவந்து கொடுத்தது. இவ்வளவும் அத்தானுக்குத் தெரிந்த சங்கதிதான். வீட்டில் எல்லாப் பரிசோதனைப் பெட்டியும் இருந்தது, செம்புக்குரியது மட்டும் இல்லை. தொட்டிக்குள் செம்பு போட யார் நினைப்பார்கள்?

"சாமித் தண்ணி எண்டு சொன்னது நீங்கள்," என்றாள் அக்கா, மெதுவாக.

"ஓம், நான்தான்."

இதற்குப் பிறகு சண்டைக்கு இடம் இருக்கவில்லை. அத்தான், செம்பு இருந்தால் நீலம் காட்டும் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். குழாயை அக்கா ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீலம்," என்றாள். சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு புது வாளி. அதைக் கழுவித் துடைத்து, முதல் பாவிப்புக்கு முன் குங்குமப் பொட்டு வைக்கப்போனவளை அத்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தொட்டித் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றினார்கள். செம்பை உறிஞ்சக் கரிப் பையொன்று தொட்டியின் வடிகட்டிக்குள் போனது. அடுத்த ஞாயிறு அக்கா குழாயைப் பார்த்து, "வெளிறிட்டுது," என்றாள். அதற்கடுத்த ஞாயிறு, "தண்ணி நிறம்," என்றாள். சவ்வரிசியோ இன்னும் சுருங்கியே கிடந்தது.

பிறகு வந்த சனி காலையில், தானே பார்க்கத் துணிவில்லாமல், அத்தான் கீழே இறங்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி சத்தம் போட்டார்.

"தம்பி, ஒருக்கால் பாத்துச் சொல்லும்!"

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். மூக்கு கண்ணாடியில் முட்டியது.

"என்னப்பா, எப்பிடி?" மேலிருந்து.

"பொறுங்கோ."

விளக்கைப் போட்டாள். இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

"குமிழ் விட்டிருக்கு."

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "எவ்வளவு?"

"இடது பக்கம் மட்டும். சின்னனா. வலது பக்கம் எலும்புதான்." என் பக்கம் திரும்பி, "எலும்பில திரும்பச் சதை பிடிக்குமோடா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் மாடிப்படியடிக்குப் போய் நின்றாள்.

"வலது பக்கத்துக்கு என்ன செய்யிறது?"

"தண்ணி மாத்தோணும்."

"கட்டிலில கிடந்துகொண்டோ மாத்தப்போறியள்? இறங்கி வாங்கோ. வாளி நிரம்பிட்டுது."