அமைச்சு வாசலில் ஓர் இடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் வட லண்டனில் பச்சை மீன் தின்னும் யப்பான்காரர்கள் நம்பி வாங்க, மீன் கொடுத்தவன் நான்தான். பட்டம் பெற்ற எங்கள் ஆட்கள் ஷிப்ட் ஷிப்டாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எட்மண்டனில் எனக்குச் சொந்த வீடு இருந்தது, மீன் ஏற்றச் சொந்த வான் இருந்தது. செவுளைத் தூக்காமலே மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லுவேன். இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

என் முதல் வாடிக்கை ஃபிஞ்ச்லியில் இருந்த ஒரு சின்ன யப்பான் சாப்பாட்டுக்கடை. அதன் தலைமைச் சமையற்காரர் என்னைவிடச் சற்று இளையவர். மனைவியும் மகளும் ஒசாகாவில் இருக்க, இவர் இங்கே தனியாக உழைத்தார். மற்றக் கடைகளுக்கு என்னைக் கைகாட்டிவிட்டவரும் அவர்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது நொண்டி ஆங்கிலம். அதற்குள் ‘அண்ணை’ என்ற ஒரு சொல்லை மட்டும் நான் பழக்கிவிட்டிருந்தேன். எங்கள் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம், கடையில் ஆட்கள் இல்லாத நேரம், தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தம்பிக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையாத வியாதி. அதற்கு ஏற்றிய மருந்து வெளிநாட்டு இரத்தத்திலிருந்து செய்தது. மருந்தோடு எயிட்ஸும் உள்ளே போய்விட்டது. ஆபத்து என்று தெரிந்த பிறகும் அரசாங்கம் அதை நிறுத்தவில்லை என்று நோயாளிகள் வழக்குப் போட்டிருந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு சட்டம் வந்ததாம். இந்த நோய்க்காரரைப் பற்றி வைத்தியர்கள் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தம்பியைப் போல மருந்தால் நோய் வந்தவர்களுக்கு அந்த அறிவிப்பிலிருந்து சட்டம் விலக்குக் கொடுத்தது. ஊர் கொடுக்கவில்லை, எல்லாரையும் ஒன்றாகவே ஒதுக்கியது. அதனால் வழக்குக்காரர் பலர் பெயரை மறைத்து, வெறும் இலக்கமாகக் கோட்டுக்குப் போனார்கள். தம்பியும் அப்படி ஓர் இலக்கம்.

“தம்பி டெலிபோன் எடுத்தவன், அண்ணை. சுகாதார அமைச்சைச் சுத்திச் சனம் கைகோத்து நிக்கப் போகுதாம். அவனுக்கு இப்ப எழும்பி நிக்க ஏலாது. தன்ரை இடத்தில என்னை வந்து நிக்கட்டாம்.”

“டீவிக்காரர் வருவாங்களோ?”

“வருவாங்கள்.”

“மகளுக்குக் கலியாணம் பேசுறீரோ?”

“ஓம், பேசுறம்.”

எனக்கு இது தெரிந்த கணக்கு. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் விசாரிப்பார்கள், கோயிலடியில் விசாரிப்பார்கள். ஒரு வீட்டில் யாருக்காவது கசநோய் வந்தால், ஆள் கொழும்பில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு உள்ளறையில் படுக்க வைத்திருப்பார்கள். யப்பானிலும் காசு கொடுத்து ஆள் வைத்துத் துப்பு எடுப்பார்களாம்.

“நான் சொல்லுறதைக் கேளும். போகாதையும். உம்மடை முகம் டீவியில வந்தா, இவர் ஆற்றை தமையன் எண்டு தேடுவாங்கள். பிள்ளை வீட்டோடை இருக்கவேண்டி வரும். தம்பிக்கு ஏதும் அனுப்பிவிடும்.”

“அவன் கேட்டது காசில்லை, அண்ணை.”

“கேட்டது அவன். வாழப்போறது அவள்.”

அந்த வசனம் எனக்கே பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து மனைவிக்கும் சொல்லிக் காட்டினேன். அவர் வெங்காயம் உரித்தபடி கேட்டார்.

“அந்தாள் ஊருக்குப் போனா, கடை ஆரிட்டை மீன் வாங்கும்?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஒண்டுமில்லை, கேட்டனான். மீன்காரர் இப்ப சட்டமும் படிப்பிக்கிறார் எண்டு பாத்தன்.”

அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தது. அப்போதுதான் இரண்டாவது வான் எடுத்திருந்தேன். சமையற்காரர் போனால், பதிலுக்கு வருகிறவர் தனக்குத் தெரிந்த மீன்காரனைக் கூட்டிவந்துவிடுவார் என்ற பயம், அவர் பேசி முடிக்கும் முன்னரே எனக்குள் வந்துவிட்டது. அவருடைய மகள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தாள்.

அவர் போகவில்லை. அந்தக் கோடையில் அமைச்சு வாசலில் சனம் கைகோத்து நின்றது. குளிர்காலத்தில் தம்பி செத்துப்போனார். அடுத்த வருடத் தொடக்கத்தில் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மருந்துக் கம்பனிப் பெரியவர்கள் நோயாளிகளுக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். அந்தப் படம் வந்த யப்பான் பேப்பரைச் சமையற்காரர் மீன் வெட்டும் பலகையில் விரித்துக் காட்டினார்.

“குனிஞ்சிட்டாங்கள். அவன் பாத்திருக்க வேணும்.”

நான் பெட்டியிலிருந்த ஐஸைத் தள்ளித் தள்ளி ஒழுங்குபடுத்தினேன்.

பேப்பரை மடித்துவிட்டு மற்றச் சங்கதியைச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் துப்பு எடுத்திருக்கிறார்கள். தம்பியைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை. சொல்லி முடித்ததும் இடுப்பை மடித்து எனக்கு முன்னால் குனிந்தார்.

“நீங்கள் சொல்லாட்டி நான் போயிருப்பன். பெரிய உபகாரம், அண்ணை.”

யாராவது என்னைப் புகழ்ந்தால் வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு “நிமிரும், ஐசே, நிமிரும்” என்று அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் உடனே நிமிரவில்லை. அவர்கள் வழக்கப்படி, மரியாதை பெரிதென்றால் அவ்வளவு நேரம் குனிந்து நிற்க வேண்டும். நானும் நின்றேன், வேறு வழியில்லாமல்.

மகளின் கலியாணத்துக்காக ஒரு மாதம் ஊருக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த சமையற்காரர் என்னிடமே மீன் வாங்கினார். வேறு மீன்காரன் யாரையும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.