கட்டுச்சோறு தின்ற வயிறு

அன்றைக்கு இருந்தவர்கள்: என் அம்மா. என் அண்ணன். அண்ணன் பெண்டாட்டி, அவளை நங்கை என்போம். சோற்றுக் கூடை சுமந்து வந்த பண்ணையாள். இந்தப் பக்கம் என் மாமியார், என் வீட்டுக்காரர். நடுவில் பலகை மேல் நான். எனக்குக் கட்டுச்சோறு.

கல்யாணமாகி எட்டாம் வருஷம் வயிறு பெருத்தது. தீட்டும் நின்றிருந்தது. கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் ஆட்களில், பிறந்த வீட்டார் சோறு கட்டி வந்து ஊட்டி, பெண்ணைக் கூட்டிப் போவார்கள். போனவள் குழந்தையோடுதான் திரும்ப வேண்டும். எனக்குப் புளிச்சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"புள்ளை எடத்தையெல்லாம் அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது," என்று மாமியார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா வீடு பெருமாட்டி என்ற ஊரில். பின்னறையைக் கொடுத்தார்கள். மாதம் நிறைந்தது, வலி வரவில்லை. அடுத்த மாதமும் போனது. வயிறு பானையானது, கையும் முகமும் வற்றின. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தே உறங்கினேன்.

"புள்ளை உள்ளயே பள்ளிக்கோடம் படிக்குதாட்ட இருக்குது," என்றாள் நங்கை.

"பரிச்சை முடிஞ்சா வருமுங்க," என்றேன்.

அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். "ஒருநாளும் அசையலீங்கம்மா."

"வாய மூடு அம்மிணி. சம்பந்தி ஊட்டுக்கு நான் என்னன்னு சொல்றது?"

மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்தாள். காது வைத்துக் கேட்டாள். "புள்ளை இல்லீங்க. தண்ணியும் கட்டியுமா இருக்குது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அம்மா அவளுக்கு அரிசி அளந்து கொடுத்து, வெளியே சொல்லாதே என்றார். அன்றிலிருந்து அறைக்கதவு சாத்தியே இருந்தது. யார் வந்து கேட்டாலும் தூங்குகிறாள் என்று பதில். வெளியே தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றால் உச்சிப்பொழுது என்று தெரியும். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு என்னை அனுப்ப அவருக்கு வழியில்லை. உள்ளே எனக்கும் இல்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார். "தூங்கறாளுங்க மாப்பிள்ளை," என்று அம்மா சொன்னது கேட்டது.

"முளிச்சுத்தான் இருக்கறனுங்க," என்று உள்ளிருந்தே சொன்னேன். "இது புள்ளையில்லீங்க. வண்டி பூட்டுங்க."

அவர் செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. பிறகு மாட்டுச் சலங்கை கேட்டது.

வண்டியில் பாலக்காடு, அங்கிருந்து ரயில். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா. வயிற்றில் குழாய் குத்தி நீரை வாளியில் இறக்கினார்கள். மூச்சு வந்தது. பிறகு மூக்கில் மருந்துத் துணி வைத்து மயங்கவைத்து அறுத்தார்கள். விழித்ததும் மலையாளத்து நர்ஸ் சொன்னாள்: கட்டி சினைப்பையில், அதை எடுத்தாயிற்று. குடலில் ஒட்டியது எடுக்க வராது. இது புற்று. இனி குழந்தை கிடையாது. வயிறு மறுபடி பெருத்தால் வா, நீரை இறக்கத்தான் முடியும்.

தையல் பிரித்த அன்று இடுப்பைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நூலை என் கையாலேயே அளக்கச் சொன்னாள். மூன்று சாண். கூடினால் தெரியும் என்றாள்.

வீட்டுக்காரர் வந்தார். "ஊட்டுக்குப் போலாம்."

"எந்த ஊட்டுக்குங்க?"

"நம்மூட்டுக்குத்தான்."

வாசலில் ஆரத்தி இல்லை. மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார். "காலைக் களுவீட்டு உள்ள வா." அவ்வளவுதான். இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. செவ்வாய்தோறும் நூலை மட்டும் எடுத்து நீட்டுவார். அளந்து சொல்வேன். மடித்து மாடத்தில் வைப்பார்.

ஒரு வருஷம் ஒரே அளவு.

இன்றைக்குச் செவ்வாய். அளந்தேன். மாமியார் நூலை வாங்கக் கையை நீட்டியபடி நின்றார். கொடுக்காமல் இன்னொரு தரம் அளந்தேன்.

மூன்று சாண், நான்கு விரல்.