ஒயர் வழியாக வந்த மழை

அந்தத் தெருவில் அவளுக்கு ‘சீட்டக்கா’ என்றுதான் பெயர். ஏழடிக்கு ஒன்பதடிக் கடை. ஒரு தையல் மெஷின், சுவரோரம் பதினொரு ரெக்ஸின் சுருள்கள். கணவருக்குக் கண் மங்கியபோது, பாதியில் நின்ற மோட்டார் சைக்கிள் சீட் ஒன்றை முடித்துக் கொடுக்க உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. அங்குலத்துக்கு எட்டுத் தையல். நூலுக்கு மெழுகு, தையலுக்கு மேல் பசை. “என் கை பட்ட இடத்துல சொட்டுத் தண்ணி இறங்காது” என்பாள். இறங்கியதுமில்லை.

அந்தப் பேச்சுக்கு ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கணவரின் தம்பி மோட்டார் சைக்கிளில் முட்டை விற்பவன். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு கிசுகிசுவென்றுதான் பேசுவான்; கூவ வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஹேண்டில்பாரில் மாட்டிய இரண்டு ஸ்பீக்கர்கள்தான் அவனுக்காகக் கூவின. மழைக்காலம் தொடங்கியதும் அவற்றுக்கு உறை தைத்துத் தந்தாள். முன்பக்கம் மெல்லிய வலை, அதன்மேல் குடைபோல ஒரு மடிப்பு.

பன்னிரண்டாம் நாள் முதல் ஜோடி ஊமையானது. இன்னும் இறுக்கி வேறு உறை தைத்தாள். இரண்டாவது ஜோடி ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவது ஜோடியை அவன் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பைக்குள்ளிருந்து “முட்டை, முட்டை” என்ற சத்தம், போர்வைக்குள் யாரோ முனகுவதுபோல வந்தது.

“என்ன தம்பி, ஸ்பீக்கருக்குக் காய்ச்சலா?”

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. இதுவும் போச்சுன்னா அப்புறம் நான் ஊமைப்படம்தான் ஓட்டணும்.”

“இந்தப் பையோட போனா யாருக்குக் கேக்குமாம்?”

“பக்கத்துல வந்தா கேக்குது.”

“பக்கத்துல வந்தா முட்டையே தெரியுமே!”

ஸ்டூலில் இருந்த கணவர் சிரித்தார். “உன் தையல் மேல அவனுக்கு நம்பிக்கை போயிடுச்சு, விடு.”

அவள் சிரிக்கவில்லை. அவன் கழற்றிக் கொண்டுவந்திருந்த, செத்துப்போன ஸ்பீக்கரின் உறையைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. ஆனால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறி உப்பியிருந்தது. எந்தப் பக்கமாக வந்திருக்கும்? அவளால் யூகிக்க முடியவில்லை. அத்தனை சீட் தைத்தவள் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவாள்; ஓடும் வண்டியில் மழை எப்படி அடிக்கும் என்று பார்த்ததில்லை.

“நாளைக்கு மழை வந்தா என்னையும் ஏத்திக்கிட்டுப் போ” என்றாள்.

செத்த ஸ்பீக்கர்களையே உறையோடு மறுபடி மாட்டச் சொன்னாள். அளவு குறிக்கும் சாக்கட்டிகளை எடுத்து, உறையின் மேல்புறம் சிவப்பு, வலையில் மஞ்சள், ஒயர் நெடுக நீலம் என்று அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் பிற்பகல் நல்ல மழை. தான் தைத்த சீட்டில் மழையில் உட்கார்ந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிஷம் சுற்றிவிட்டுத் தொப்பலாகக் கடைக்குத் திரும்பினார்கள். உறையைப் பிரித்து, உள்ளிருந்த தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினாள்.

“என்ன கலரு?” என்று கேட்டார் கணவர்.

“நீலம்.”

ஹேண்டில்பாரிலிருந்து சரிவாக இறங்கி உறைக்குள் நுழைந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மழையும் உள்ளே இறங்கியிருந்தது. இறங்கியது வெளியேற வழியில்லை. வழியை அடைத்தது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறுக்கித் தைத்த இரண்டாவது உறை ஏன் சீக்கிரம் காலை வாரியது என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பிளாஸ்டிக் பையை அவிழ்த்துவிட்டு, மூன்றாவது ஜோடிக்குப் புது உறை போட்டாள். ஒயரை உறைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி உள்ளே நுழைத்தாள். ஒயரோடு வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அதுவரை கை சரசரவென்று ஓடியது. மிச்ச வேலைக்குத்தான் வரவில்லை. உறையின் அடியில் குத்தூசியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“நான் வேணா குத்தட்டுமா அண்ணி?”

“என் தையல்ல நீ ஓட்டை போடுவியா? தள்ளு!”

இரண்டு உறைகளிலும் அவளே குத்தினாள்.

மூன்றாவது ஜோடி நாற்பத்தொரு நாள் கூவி மழைக்காலத்தைத் தாண்டியது. நடுவில் ஒரு அடைமழை நாளில் அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். சீட் தைக்க வந்த ஒருவர் குனிந்து பார்த்தார்.

“இது நீங்க தைச்சதாக்கா? அடியில ஒழுகுதே!”

அவள் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

“ஒழுகட்டும்” என்றாள்.