வெள்ளிமலைக்கு எடுத்துப்போன இரண்டாவது கண்ணாடி

முழு சூரிய கிரகணம் பார்க்க அவ்வளவு செலவு பண்ணிக்கொண்டு போகலாமா, சொல்கிற அளவுக்கு அது இருக்குமா என்று இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். 2027 ஆகஸ்டில் எகிப்து பக்கம் முழு கிரகணம் வருகிறது, அதற்குத்தான் இந்தப் பரபரப்பு. கேட்டவர்களில் என் அக்கா மகள் தேன்மொழியும் ஒருத்தி. போகலாம் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கிரகணம் பார்க்க நான் முதன்முதலில் போன பயணத்தைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு யோசனை சொல்வது யோக்கியமாகப் படவில்லை. அது கல்வராயன் மலைக்குப் போன பயணம். 1980 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை.

அப்போது எனக்கு இருபது வயது. விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். இட ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு வைத்ததை எதிர்த்து அதற்கு முந்தைய மாதங்களில் ஊர்வலம், மறியல், வகுப்புப் புறக்கணிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தோம். தொண்டை கட்டும்வரை ‘உரிமை உரிமை’ என்று கத்தியதில் நானும் சேர்த்தி. அரசாங்கம் அந்த ஆணையைத் திரும்பப் பெற்ற பிறகு, போன வகுப்புகளுக்கெல்லாம் சேர்த்து வைத்துப் பிழிந்தார்கள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. கிரகணம் முழுதாகத் தெரிவது கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அங்கே போய்த் திரும்ப எனக்கு நாள் இல்லை.

நம் பக்கம் சூரியனில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மறையும், அவ்வளவுதான் என்றும் அவர் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். மலை உச்சிக்குப் போனால் வடக்கேயிருந்து நிழல் ஓடி வருவது தெரியும், பாதி இருட்டாவது கிடைக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இயற்பியல் படித்தவன் போட்ட கணக்கு!

மலையில் தங்க இடம் இருந்தது. என் அக்கா மல்லிகாவின் வீட்டுக்காரர் வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியர். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தும், அதற்கு மேல் வேண்டாம் என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் பாடப் புத்தகங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னையே கேள்வி கேட்பாள். அந்தப் பிப்ரவரியில் அவளுக்கு ஏழாவது மாதம். கிரகணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு கார்டு போட்டிருந்தாள். ‘எனக்கும் ஒரு கண்ணாடி கொண்டு வா. கீழே இருந்தால் என் மாமியார் விட மாட்டார்கள். இங்கே யாரும் இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமும் இல்லை.’

அதனால் இரண்டு கண்ணாடி செய்தேன். உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லுகளை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிப் புகை பிடிக்க வைத்து, இரண்டிரண்டாக ஒட்டி, ஓரத்தில் பிளாஸ்திரி சுற்றினேன். (தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள். எனக்கு இரண்டு நாள் கண் உறுத்தியது, அதோடு போனது என் அதிர்ஷ்டம்.)

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை. காலை 5.40 பஸ். கள்ளக்குறிச்சிக்கு இருபத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது காசு. பாதி வழிக்கு மேல் சுவர்களில் எங்கள் போராட்ட வாசகங்கள் அழியாமல் இருந்தன, பெருமையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கள்ளக்குறிச்சியில் டீயும் இரண்டு போண்டாவும். கிரகண நாளில் சாப்பிடலாமா என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, “ரெண்டரைக்குத்தான புடிக்குது? அதுக்குள்ள செமிச்சிடும், துன்னு” என்றார். 7.15க்கு காச்சிராபாளையம் பஸ், எண்பது காசு. அங்கிருந்து ஜீப்தான். ஆளுக்கு மூன்று ரூபாய், பதினாலு பேர், ஒரு மூட்டை கருவாடு.

ஜீப் டிரைவர் என் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“இன்னா தம்பி அது, அப்டி புடிச்சிகினு வர்ற?”

“கண்ணாடிங்க. கிரகணம் பார்க்க.”

“ரெண்டு கீது?”

“ஒண்ணு எங்க அக்காவுக்கு.”

“பொம்பளைங்க பாப்பாங்களா?” என்று சிரித்தவர், “படிச்ச வூடு போல” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். இரண்டு மணிக்கு மேல் எவன் கூப்பிட்டாலும் வண்டியை எடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்தார். அவர் சொன்ன ‘படிச்ச வூடு’ எனக்கு மலை ஏறுகிறவரை இனித்தது.

கரியாலூர் தாண்டி வெள்ளிமலை போய்ச் சேரும்போது மணி 11.20. அன்றைய ரோடு பாதிக்கு மேல் மண்ணும் கல்லும்தான். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தாள். “டேய், ஆரஞ்சுப் பழம் மாரி கீதுடா!” என்று சிரித்தாள். எங்கே நின்று பார்ப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். சமையலறைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு பாறை.

ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடித்தோம். மீந்ததைக் கொட்டி, தண்ணீர்ப் பானைமேல் தர்ப்பையைப் போட்டாள். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம், மறுபேச்சு இல்லை. இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் சின்னப்பொண்ணு ஒரு உலக்கையும் பித்தளைத் தாம்பாளமும் எடுத்துக்கொண்டு வந்தாள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால், கிரகணம் பிடித்திருக்கும்வரை அது தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் பெண்களுக்கு நேரம் தெரியும்.

“பாப்பாவை உள்ள கூட்டிகினு போறேங்க” என்றாள் சின்னப்பொண்ணு, அக்காவைக் காட்டி.

“நான் உள்ள வரலை. தம்பியோட பாக்கப் போறேன்” என்றாள் அக்கா.

அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அவருக்கு அவர் அம்மாவிடம் பயம், அதைவிட ஏழாவது மாதத்தின்மேல் பயம். என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ சயன்ஸ் படிச்சவன். ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லு, வுடறேன்” என்றார்.

ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அன்று உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த நாலு விஷயங்களில் அது ஒன்று. ஆனால் பிரசவத்தில் ஏதாவது கோளாறு வந்தால், குழந்தைக்கு உதட்டில் ஒரு கீறல் இருந்தால், காலம் முழுக்க என்னைத்தானே காட்டுவார்கள்? நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர்வலத்தில் கத்திய அதே நாக்குதான்.

“எதுக்கு வம்பு... நீ உள்ளயே இருக்கா” என்றேன்.

அக்கா சண்டை போடவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சின்னப்பொண்ணு கதவையும் ஜன்னலையும் சாத்தினாள்.

பாறைமேல் நானும் அக்கா வீட்டுக்காரரும் மட்டும். அவர் வானத்தைப் பார்க்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டரை மணி வாக்கில் சூரியனின் ஓரத்தில் ஒரு கடி விழுந்தது. அது மெல்ல மெல்லப் பெரிதானது. மூன்றரை இருக்கும், சமையலறைக்குள்ளிருந்து அக்காவின் குரல்.

“டேய்! தரையில சூரியன் வுழுதுடா! தகரத்துல ஆணி ஓட்டை கீதே, அது வழியா. பிறை மாரி கீது, நவுந்துகினே போவுது. இத்தப் பாக்கலாமாடா?”

ஊசித்துளைப் பிம்பம். முதல் வருடப் பாடம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கண்ணுக்கும் கெடுதல் இல்லை, கருவுக்கும் இல்லை. ஒரே வார்த்தை, ‘பாரு’. ஆனால் உச்சத்துக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது, கண்ணை எடுக்க எனக்கு மனசில்லை. பக்கத்தில் அவர் வேறு நின்றிருந்தார்.

“மூடிடுக்கா” என்று கத்தினேன்.

உள்ளே சின்னப்பொண்ணு ஒரு கழியில் கந்தலைச் சுற்றிக் கூரை ஓட்டையை அடைத்தாளாம். அதைப் பிறகு சொன்னார்கள்.

சரி, கிரகணம் எப்படி இருந்தது? மூன்றே முக்காலுக்கு உச்சம். இருட்டவில்லை. வெயில் வெளிறி, காய்ச்சல்காரன் முகம் மாதிரி ஆனது. கொஞ்சம் குளிர்ந்தது. நிழல் எங்கிருந்தும் ஓடி வரவில்லை. கோழி கூடடையும் என்று எதிர்பார்த்தேன், அது பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. என் வலது கையில் ஒரு கண்ணாடி, இடது கையில் ஒரு கண்ணாடி.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து புதிதாக உலை வைத்தாள்.

“இருட்டாச்சா?”

“இல்லக்கா.”

“அப்ப நான் ஒண்ணும் ஜாஸ்தி வுட்டுடலை” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒலக்கை நின்னுச்சிடா, அது எப்டி?” என்றாள். அடிப்பக்கம் சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும், கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் மூச்சு விடாமல் விளக்கினேன். அரிசியைக் களைந்துகொண்டே, “அதுக்கு மட்டும் சயன்ஸ் சொல்றே” என்றாள். அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மறுநாள் காலை ஜீப்பில் நான் இறங்கிவிட்டேன். மே மாதம் தேன்மொழி பிறந்தாள், எந்தக் கீறலும் இல்லாமல்.

முழு கிரகணத்தை நான் பார்த்தது பதினைந்து வருடம் கழித்து, 1995இல், ஆக்ரா பக்கம். தீபாவளியை ஒட்டி வந்தது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். சொல்கிற அளவுக்கு இருக்குமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்: அதற்கு மேலேயே இருந்தது. பட்டப்பகலில் விளக்கை அணைத்த மாதிரி ஆகி, கரும்பொட்டைச் சுற்றி வெள்ளை ஒளி விரிந்தபோது கூட்டமே கத்தியது. நானும் கத்தினேன், ‘அக்கா’ என்று. பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளைக் கூப்பிட்டேன். “நெஜமாவே இருட்டாச்சாடா?” என்று கேட்டாள். ஆச்சு என்றேன். “நட்சத்திரம்?” தெரிந்தது என்றேன். அப்புறம், “சரி வெச்சிடு, காசு ஓடுது” என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வைத்துவிட்டேன். அக்கா போய் இப்போது மூன்று வருடம் ஆகிறது.

இனி போகிறவர்களுக்கு. கல்வராயன் மலைக்குக் குளிருக்காகவும் அருவிக்காகவும் போங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு இப்போது பஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதாக இருந்தால் கரியாலூரில் விசாரியுங்கள். கிரகணத்துக்கு மட்டும் உயரத்தை நம்பாதீர்கள். முழு மறைப்பு விழுகிற பாதைக்குள் போய் நிற்க வேண்டும், நூற்றில் தொண்ணூற்றைந்து மறைந்தாலும் இருட்டாது. கிரகணத்துக்கென்றே விற்கிற தரமான கண்ணாடி வாங்குங்கள். அது இல்லையென்றால் ஒரு அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, தரையில் விழுகிற பிறையைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பார்க்கலாம். நாற்பத்தைந்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

போன வாரம் தேன்மொழி போன் பண்ணியபோது, “எகிப்துக்கு நீங்களும் வாங்க மாமா” என்றாள். “மலையில நானும் தம்பியும் கெரகணம் பாத்தோம், அவன் எனக்குன்னு ஒரு கண்ணாடி செஞ்சிகினு வந்தான், நீ வயித்துல இருந்தேன்னு அம்மா சொல்லிகினே இருப்பாங்க. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க.”

ஆமாம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் இந்தப் பதிவுகளைத் தவறாமல் படிப்பவள், அதனால் இங்கே எழுதுகிறேன். தேன்மொழி, உங்கம்மா பார்க்கவில்லை. நான் பார்க்க விடவில்லை. அந்தக் கண்ணாடி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. எகிப்துக்கு நான் வர வேண்டுமா வேண்டாமா என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.