அத்தான் ஒப்புக்கொண்ட ஈட்டிக்கட்டை

செய்தி வந்த வேளையில், சாலைக் கடைத்தெருவிலுள்ள என் பாத்திரக் கடையில் மூன்று பேரிடம் மூன்று மொழியில் ஒரே மூச்சாக விலை பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் அது என் ஒருவனால்தான் முடியும். அத்தானுடைய மூத்த மகன் படியேறி வந்து, "மாமா, அப்பா போயிட்டாக" என்றான். மூன்று மொழியும் நின்றுபோயின. கையிலிருந்த செம்பை யாரிடம் கொடுத்தேன் என்பது இதுவரை தெரியவில்லை.

ஆறுமுகம் பிள்ளை அவர்கள் என் அக்காளின் கணவர்; சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர்கள். தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. ஆகவே நம் வாசகசாலைப் பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன்.

அத்தானுக்கு இரண்டே பிரியங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கட்டுச்சோற்றுடன் ஏதாவது ஒரு குன்றில் ஏறி, வெயில் சாயுமுன் வீடு திரும்புவது ஒன்று. மற்ற நாள் சாயங்காலங்களில் பின்கட்டில் உட்கார்ந்து மரம் இழைப்பது இன்னொன்று. முக்காலி, புத்தகப் பலகை, அஞ்சறைப்பெட்டி எல்லாம் செய்வார்கள். விற்க அல்ல, கொடுக்கக்கூட அல்ல, செய்ய. "பிள்ளைவாளுக்கு எதுக்கு ஆசாரி வேலை?" என்று தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. அத்தான் இழைப்புளியை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள்: "கச்சேரியில நான் எழுதுத ஒவ்வொரு வரிக்கும் மேல மூணு பேர் ஒப்பு போடணும். இந்த முக்காலிக்கு யார் ஒப்பும் வேண்டாம்வே."

மலைக்குத் துணை நான்தான். மூக்குன்னிமலையில் நாங்கள் ஏறாத பாறை கிடையாது. அங்கே ஒரு தடவை ஏழு முள்ளம்பன்றிகள் எங்களுக்கு வழிவிட்டு வரிசையாக ஒதுங்கி நின்றன. இரண்டுதான் என்று அத்தான் சொல்வார்கள். அவர்கள் குனிந்தே நடப்பவர்கள். கீழே விழுந்து கிடக்கும் கொம்பு ஏதாவது நேராக இருந்தால், தோட்டக்காரரிடம் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். நிற்கிற மரத்தில் கத்தி வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், கொஞ்சம் தூரமாகப் போவோம் என்று பஸ் ஏறி வித்துராவுக்குப் போனோம். நான் வற்புறுத்தியதால்தான் போனோம். ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு முழ நீளக் கட்டை கறுத்து, ஊறிக் கிடந்தது. அத்தான் தூக்கிப் பார்த்தார்கள்.

"கனமாயிருக்கே மாப்ளே."

"தண்ணி குடிச்ச மரம் அத்தான். காட்டுப்புளி."

அத்தான் பேனாக்கத்தியை எடுத்தார்கள். "ஒரு சீவு சீவிப் பாத்துருவோம்."

"நான் மோந்து பாத்துச் சொன்னா தப்புமா? எத்தனை மரம் பாத்தவன் நான்! பஸ்ஸு போயிரும், வாங்க."

அத்தான் என் முகத்தைப் பார்த்தார்கள். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

நம் ராஜ்யத்தில் தேக்கு மரமும் ஈட்டி மரமும் யார் மண்ணில் முளைத்தாலும் சர்க்கார் சொத்து என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் நிற்குமிடத்தில் வனக்காவலர் ஒருவர் கட்டையைக் கண்டார். வெட்டுக்கத்தியால் ஒரு கொத்து கொத்தினார். உள்ளே ஊதா ஓடிய கறுப்பு. "ஈட்டியாணல்லோ இது! ஆரு எடுத்தது?"

அத்தானுக்குப் பென்ஷனுக்கு ஒரு வருஷம் பாக்கி. சர்க்கார் உத்தியோகஸ்தர் சர்க்கார் மரத்தைக் கடத்தினார் என்று கேஸ் ஆனால் உத்தியோகமும் இல்லை, பென்ஷனும் இல்லை. நானோ கடைக்காரன். அபராதத்தோடு என் கதை முடிந்திருக்கும். மூன்று மொழி பேசுகிற என் வாயில் அப்போது ஒரு மொழியும் வரவில்லை.

"ஞான் தன்னே" என்றார்கள் அத்தான். பெயரும் உத்தியோகமும் சொன்னார்கள்.

மறுநாளே மேலதிகாரிக்குத் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், தெரியாமல் நடந்தது என்று மேலிடத்தில் அத்தானை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்காள் பொரிந்து தள்ளினாள்.

"இத்தன வருசம் மரத்தோட கிடக்கிய. ஈட்டி தெரியாதா ஒங்களுக்கு? பிள்ளைகளத் தெருவுல விடப் பாத்தியளே! இனிமே மலைன்னு ஒரு அடி வச்சா நான் கோட்டாத்துக்கு எங்கம்ம வீட்டுக்குப் போயிருவேன்."

"வயசாச்சுல்லா. கண்ணு ஏமாத்திட்டு" என்றார்கள் அத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

வாசலில் வைத்து, "அக்காகிட்ட நான் சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? என் மேல உள்ள கோவம் ஒரு மாசத்துல தீரும். உன் மேலன்னா வாசப்படி ஏற விடமாட்டா. அவளுக்கு இருக்கது ஒரே தம்பி."

அத்தான் கணக்கு அந்த ஒன்றில்தான் தப்பியது. கோபம் தீர்ந்தது, பயம் தீரவில்லை. ஆறு வருஷம் அவர்கள் கரமனை ஆற்றுக்கு அப்பால் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பின்கட்டிலேயே இழைத்தார்கள். ஒரு நாளும் என்னிடம் முகம் மாறிப் பேசியதில்லை. கடைத்தெருவில் நானோ, ஒற்றைக் கொம்பன் யானை துரத்தியதால் தற்காப்புக்கு எடுத்த கட்டை அது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அத்தானுடைய காரியம் முடிந்த மறுநாள் அக்காளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"ஆறு வருசம் அவுகள மலைக்கு விடலையேலே நான்."

அக்காள் எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

"அவுக போற மலைக்கு என்னயக் கூட்டிட்டுப் போ."

"ஊரு என்ன சொல்லும் அக்கா?"

"ஊரா அவுகளோட நடந்துச்சு?"

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து மூக்குன்னிமலை அடிவாரத்தில் இறங்கினோம். அக்காள் முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பாதி தூரத்தில் பாறைகள் நிறைந்த இடம் வந்தது. காற்று கடலிலிருந்து வீசியது.

"அவுக எந்தப் பாறையில இருப்பாக?"

நாலைந்து பாறைகள் இருந்தன. எதைக் காட்டினாலும் நம்பியிருப்பாள்.

"தெரியல அக்கா. நான் பேசிக்கிட்டே இருப்பேன். கவனிக்கல."

அக்காள் பக்கத்திலிருந்த பாறையை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெயில் சாயும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. அத்தான், போய் வாருங்கள். அக்காளை நான் பத்திரமாக இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன்.