எதிர்க்கட்சி இல்லாத கிளினிக்

என் அக்கா பல் டாக்டர். நான் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். நோயாளி வாயைத் திறந்ததும் அக்காவும் வாயைத் திறந்துவிடுவாள். வரி, தேர்தல், தங்கம், வட்டி என்று ஒன்றையும் பாக்கி வைக்க மாட்டாள். கடைவாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிடப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? "ஆ" என்பார். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துதான்: "ஆதாயம் இல்லாம ஒருத்தரும் அசைய மாட்டாங்க. எலி அம்மணமா ஓடினாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும்." கல்யாணம் பேசி வந்தவர்களையும் இப்படி எடைபோட்டே துரத்தினாள். ஒருவனுக்கு கிளினிக் மேல் கண்ணாம், இன்னொருவனுக்கு வீட்டின் மேல். நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. தனியாகவே இருந்துவிடுவாளோ என்று எனக்குக் கவலை. சொன்னால், "இதுல உனக்கு என்னடி ஆதாயம்?" என்பாள்.

அப்போதுதான் எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் வந்தார். பல் ஒவ்வொன்றும் கல் மாதிரி. சுத்தம் செய்துகொண்டு போனார். இரண்டே வாரத்தில் பல் கூசுகிறது என்று வந்தார். அப்புறம் ஈறு வலி. எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்ததாம்: "நம்ம சுவர்ல அவர் கடை போர்டை மாட்டப் பார்க்கிறார்டி." தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது அக்காவின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"உங்க பல்லுல ஒண்ணுமே இல்ல. இனிமே வராதீங்க. போர்டு மாட்ட இடமும் கிடையாது," என்றாள் அக்கா. எனக்குத் திக்கென்றது. போச்சு, இவரையும் துரத்தியாச்சு.

அவர் நிதானமாக வாயைக் கொப்பளித்தார். "டாக்டர், வரியைப் பத்தி நீங்க சொன்னது தப்பு," என்றார். "தங்கத்தைப் பத்தியும் தப்பு. தேர்தல் விஷயம் மட்டும் பாதி சரி."

அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள். அந்த அறையில் அவளை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தங்கத்துல என்ன தப்பு?"

பிடித்துக்கொண்டது சண்டை. வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்கூட வலியை மறந்து கதவருகே வந்து நின்றார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விடவில்லை. நடுவே அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

"சரி, இவ்வளவு மெனக்கெட்டு வர்றீங்களே, உங்களுக்கு என்ன ஆதாயம்?"

"நீங்க பேசறதைக் கேட்கறதுதான். பதில் சொல்ல விட்டீங்கன்னா இன்னும் லாபம்."

அக்காவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"நாளைக்கு கிளினிக் முடிஞ்சதும் வாங்க," என்றாள் கடைசியில். "இந்த நாற்காலியில படுக்க வேண்டாம். எதிர்ல உட்காருங்க."