குளோரின் அளவுக்காரி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். அவள் மூக்கை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். குளோரின் கசிந்தால் அலறுகிற கருவிகள் ஒழுங்காக அலறுகின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவாள். அதற்கான குளோரினையும் அவளே தயாரிப்பாள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் வாயு வரும். இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு வாயு, அதில் பேரம் கிடையாது. அதைக் கருவிக்குக் காட்டி, கருவியும் அதே அளவைச் சொல்லும்வரை அதன் அளவுத் திருகைத் திருப்புவாள்.

ஒரே தொல்லை, முதல் அரை மணி நேரம் கரைசலே பாதி வாயுவை விழுங்கிவிடும். அது வயிறு நிறைந்த பிறகுதான் கணக்கு சரிப்படும். அந்த அரை மணி நேரத்தைப் பத்தொன்பது வருடமாகச் சுவரைப் பார்த்தே கழித்திருக்கிறாள்.

ஒரு நாள் மட்டும் காத்திருக்கவில்லை. மகளுக்கு வலி எடுத்துவிட்டதென்று மருமகன் போன் செய்தான். கரைசல் இன்னும் விழுங்கிக்கொண்டிருந்ததால் கருவி குறைவாகக் காட்டியது. அவசர அவசரமாகத் திருகை ஏற்றி, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடினாள். பேத்தி பிறக்க அதற்குப் பிறகும் பதினோரு மணி நேரம் ஆனது.

மருமகனுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. இரண்டு மாதம் கழித்து, சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எங்க அலாரத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு அத்தை. குளோரின் சிலிண்டர் மாத்தினாலே கத்துது. போர்வையைச் சுத்திக் கட்டிட்டோம்."

"எப்ப இருந்து?"

"பாப்பா பிறந்ததுல இருந்துதான்."

அன்று அவள் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட கருவி அந்த நிலையத்துக்குத்தான் போயிருந்தது. நிஜமாகவே கசிந்தால் போர்வைக்குள் கத்துவது யார் காதில் விழும்? பேத்தியின் அப்பன் நாள் முழுக்க அந்த அறையில்தான் நிற்கிறான்.

மறுநாள் அதிகாரியிடம் தன் தவற்றை எழுதிக் கொடுத்தாள்.

"கூடுதலாத்தானே காட்டுது? நல்லதுதானே, விடும்மா" என்றார் அவர்.

"அதனாலதான் சார் வாயைக் கட்டி வெச்சிருக்காங்க."

சாமான்களைத் தூக்கிக்கொண்டு நேரே நிலையத்துக்கே போனாள். அரை மணி நேரம் முழுதாகக் காத்திருந்து, திருகை இறக்கி, கருவியைச் சரிசெய்தாள். மருமகன் போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க அத்தை. போன தடவையும் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆமா மாப்பிள்ளை. சிலிண்டரை மாத்துங்க, நானும் இங்கேயே நிக்கிறேன்."

மாற்றினார்கள். அலாரம் கத்தவில்லை. இப்போது அது கத்தாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவளுக்கும்தான்.